அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மேனியர் வரலாறும்

சென்னைப் பட்டணத்தில் பாரிமுனைக்கு அருகே அரண்மனைக்காரன் தெரு என்றொரு தெரு உண்டு. வழக்கு நிமித்தம் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றவரும், சரக்குக் கொள்முதல் நிமித்தம் ஜார்ஜ் டவுனில் அலைந்தவரும் அதில் நடந்திருப்பர். அங்கே அரண்மனை எங்கே என்று தேடினால் கிடையாது. எந்த அரசனும் அங்கு வாழ்ந்ததில்லை. ஆர்மேனியன் தெரு என்னும் பெயர் நம் மக்கள் வாயிற் புகுந்து, அரமனைக்காரன் தெரு என்றாகி, பின்பு யாரோ ஒரு தமிழாசிரியர் கையில் திருத்தம் பெற்று அரண்மனைக்காரன் தெரு என்று நிலைத்துவிட்டது போலும்! நாடிழந்து, அரசிழந்து, கடல் கடந்து வந்த ஒரு கூட்டத்தாருக்கு நம்மவர் தம்மையறியாமலே ஓர் அரண்மனையைக் கட்டிக் கொடுத்துவிட்டனர்.

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் நம்மைக் கேட்டபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியே எழுதுவோம் என்று அன்பர்கள் எதிர்பார்த்தனர். சென்ற மூன்று மலர்களிலும் சோழர் வந்துவிட்டனர். இவ்வாண்டு அவர்கள் சற்று இளைப்பாறட்டும். நாமோ இரயில்வேக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் கல்லூரி வாசலை மிதித்தறியோம். ஆயினும் இந்த ஆர்மேனியர் கதையைப் படித்த நாள் முதல் அது நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனென்று பிறகு கூறுவோம்.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு ஆர்மேனியா. அம்மக்கள் நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றவர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி வகுத்துக் கொடுத்த தனி எழுத்தினைக் கைவிடாதவர்கள். 1375ஆம் ஆண்டில் அவர்களுடைய கடைசி அரசும் வீழ்ந்தது. அதன் பின்னர் அந்நாடு துருக்கிய சுல்தானுக்கும் பாரசீக ஷாவுக்கும் நடுவே, இரு மாடுகள் முட்டிக்கொள்ளும் களத்துப் பயிராயிற்று.

1604ஆம் ஆண்டு துருக்கியப் படை முன்னேறி வந்தபொழுது பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஒரு காரியம் செய்தார். பகைவனுக்கு ஒரு பிடி தானியமும் ஒரு குடிமகனும் கிட்டலாகாது எனக் கருதி, ஊர்களை எரித்துக் குடிகளைத் தெற்கே ஓட்டிச் சென்றார். அராஸ் நதிக்கரையிலிருந்த ஜுல்ஃபா என்னும் செல்வ நகரமும் அவ்வாறே வெறுமையாக்கப்பட்டது. ஆண், பெண், குழந்தை அனைவரையும் நதியைக் கடக்கச் செய்தனர். வெள்ளத்தில் மாண்டோரும் வழியில் பசியாலும் குளிராலும் மாண்டோரும் மிகப் பலர். மீண்டவர்க்கு இஸ்ஃபஹான் நகரின் அருகே ஓர் ஆற்றங்கரையில் இடம் தரப்பட்டது. அவர்கள் அவ்விடத்துக்குப் புதிய ஜுல்ஃபா என்று பெயரிட்டனர். இழந்த ஊரின் பெயரைத்தான் முதலில் சுமந்து சென்றனர் என்பதைக் காண்க. இக்காலனியிலும் வீட்டு வாசலில் சொந்த ஊரின் பெயரை எழுதி வைத்திருப்போர் உளர். வீடோ இரயில்வேக்குச் சொந்தம்.

புதிய ஜுல்ஃபாவினின்றும் அவர்கள் பட்டு வணிகத்தைக் கைக்கொண்டு உலகெங்கும் பரவினர். வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், மாஸ்கோ, சூரத்து, ஆக்ரா, சென்னை, வங்காளம், மணிலா என்று அவர்கள் கால் படாத துறைமுகம் அரிது. 1688ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கம்பெனியின் ஊர்களுள் எதிலேனும் ஆர்மேனியர் நாற்பது பேர் குடியேறின் அவர்களுக்கு வழிபாட்டிற்கு இடமும் கோயிலும் அமைத்துத் தருவதெனவும், அக்கோயிற் குருவுக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு ஐம்பது பவுன் அளிப்பதெனவும் அதில் கண்டது. நாற்பது பேர்! நம் சங்கம் தொடங்கிய நாளில் முதற் கூட்டத்துக்கு வந்தோரும் ஏறக்குறைய அத்தனை பேரே.

இவ்வாறு சிதறியவர்களை ஒன்றாய்ப் பிணைத்தது எது? கோயில் ஒன்று, கடிதம் மற்றொன்று. 1748ஆம் ஆண்டில், ஐரோப்பியப் போரின் காரணமாக, சாந்தா கத்தரீனா என்னும் கப்பலை ஆங்கிலக் கடற்படையினர் நம் நாகப்பட்டினத்துக் கடலில் கைப்பற்றினர். அதனுள் வங்காளத்து ஆர்மேனியருக்கு ஜுல்ஃபாவினின்றும் பிற ஊர்களினின்றும் எழுதப்பட்ட கடிதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. வழக்கிற்குச் சான்றாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அக்கடிதங்கள் உரியவர் கையை அடையவேயில்லை. ஆவணக் கிடங்கிலே கிடந்து, நம் காலத்தில்தான் ஆராய்ச்சியாளரால் படிக்கப்பட்டன. பட்டு விலையும் வட்டிக் கணக்கும் ஒருபுறமிருக்க, வீட்டுச் செய்தியும் பிரிந்தோர் ஏக்கமும் அவற்றில் உள. நாகப்பட்டினத்தைக் கடக்கும்பொழுது இனி நமக்கு வேளாங்கண்ணியோடு அந்தக் கப்பலும் நினைவுக்கு வரும்.

சென்னைக்கு வந்த ஆர்மேனியருள் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்பாரை நம்மவர் மறத்தல் ஆகாது. 1724ஆம் ஆண்டில் சென்னையிற் குடியேறிய இவர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தை 1726இல் தம் சொந்தப் பொருளாற் கட்டினார். மாம்பலம் என்பதே மர்மலாங் எனத் திரிந்தது. பரங்கிமலை மீது ஏறுவதற்குப் படிகள் அமைத்தவரும் இவரே. 1966இல் அப்பழைய பாலம் இருந்தவிடத்தில் புதுப் பாலம் எழுந்து மறைமலையடிகள் பாலம் என்னும் பெயர் பெற்றது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் ஓரத்தில் எஞ்சியது. 1751இல் அவர் மறைந்தபொழுது உடலை வேப்பேரிக் கோயிலில் அடக்கம் செய்தனர். இதயத்தையோ, அவர் விருப்பப்படி, தனியே எடுத்துப் பேழையிலிட்டு ஜுல்ஃபாவுக்கு அனுப்பினர்.

எந்த ஜுல்ஃபாவுக்கு? இங்கேதான் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். அந்த இதயம் சென்றது இஸ்ஃபஹான் அருகேயுள்ள புதிய ஜுல்ஃபாவுக்கு. அதாவது, அகதிகள் அமைத்த ஊருக்கு. அராஸ் நதிக்கரைப் பழைய ஊர் அப்பொழுது பாழ்பட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பாட்டன் தஞ்சம் புகுந்த ஊரே பேரனுக்குச் சொந்த ஊராகிவிட்டது. நம் பிள்ளைகள் பள்ளிப் படிவத்தில் சொந்த ஊர் என்னுமிடத்தில் இக்காலனியின் பெயரை எழுதும்பொழுது நாம் பதறுகிறோம். உஸ்கானைப் படித்த பின்பு நம் பதற்றம் சற்றுக் குறைந்திருக்கிறது.

ஊர்ப் பற்று உஸ்கானோடு நின்றிருந்தால் இது வெறும் வணிகர் கதை. அடுத்த தலைமுறையில் வேறொரு எண்ணம் பிறந்தது. சிதறிக் கிடப்போரெல்லாம் ஒரே குடி, அக்குடிக்கு ஒரு நாடு உண்டு, அந்நாடு அடிமைப்பட்டிருக்கிறது, தொலைவில் பொருளீட்டும் நாம் அதற்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என்பதே அது. இவ்வெண்ணம் முளைத்த இடங்கள் இரண்டு: ஒன்று கல்கத்தா, மற்றொன்று சென்னை.

கல்கத்தாவிற் கிளம்பியவர் ஜோசப் எமீன். 1726இல் பாரசீகத்து ஹமதானில் பிறந்து, தந்தையிடம் கல்கத்தாவுக்கு வந்த இவ்விளைஞர், கோட்டையில் ஆங்கிலச் சிப்பாய்களின் போர்ப் பயிற்சியைக் கண்டு வியந்தார். இவ்வித்தையை நம்மவரும் கற்றால் பிறருக்கு அஞ்ச வேண்டுவதில்லை எனத் துணிந்து, தந்தை தடுத்தும் கேளாமல், 1751இல் கப்பலிற் கூலியாளாகச் சேர்ந்து இலண்டன் சென்றார். ஆங்கே கூலி வேலை செய்து வயிறு வளர்த்தார். பின்னாளில் பெரும் புகழெய்திய எட்மண்டு பர்க் என்பாரைப் பூங்காவொன்றில் தற்செயலாகச் சந்தித்து நட்புக் கொண்டார். பிரபுக்களின் உதவியாற் போர்ப்பயிற்சியும் பெற்றார். பிறகு தாயகம் சென்று பார்த்தார். இரஷ்யத் தலைநகர் சென்று உதவி கேட்டார். ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரேக்லேயின் அவைக்குச் சென்றார். மன்னர் முதலில் வரவேற்றுப் பின்னர் ஐயுற்று அனுப்பிவிட்டார். மலைநாட்டுக் குடியானவரிடம் பேசினாலோ, அவர்களுட் பலர் இவரை வியப்போடு பார்த்தார்களேயன்றிப் பின்தொடரவில்லை. 1770இல் இந்தியாவுக்குத் திரும்பியவர், 1792இல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி இலண்டனில் அச்சிட்டார். 1809இல் கல்கத்தாவில் காலமானார்.

சென்னையிலோ வேறு வழியில் முயன்றனர். ஷாஹமீர் ஷாஹமீரியான் என்பவர் ஜுல்ஃபாவிற் பிறந்து சென்னையிற் பெருவணிகரானவர். அரண்மனைக்காரன் தெருவில் இன்று காணும் ஆர்மேனியர் கோயில் 1772இல் கட்டப்பட்டது. அதே காலத்தில் ஷாஹமீரின் மகன் ஹாகோப் சென்னையில் ஆர்மேனிய எழுத்துக்களைக் கொண்ட அச்சகம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதிலிருந்து 1772இல் அறிவுரை என்னும் பொருளுடைய பெயரோடு ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் மொவ்ஸேஸ் பக்ராமியான் என்னும் ஆசிரியர். நாட்டின் பழஞ்சிறப்பையும் வீழ்ச்சியையும் கூறி, அரசர்தம் தன்னிச்சையும் குடிகளின் ஒற்றுமையின்மையும் சோம்பலுமே அரசிழந்ததற்குக் காரணம் என்று சாடி, இளைஞரே, விழித்தெழுங்கள் என்று அறைகூவியது அந்நூல்.

வணிகர்கள் அதைத் தாயகத்துக்கு அனுப்பினர். அரசன் இல்லாத அந்நாட்டில் ஆர்மேனியர் அனைவருக்கும் தலைவராக விளங்கியவர் எச்மியாட்ஸின் மடத்திலிருந்த தலைமைக் குரு. அக்காலத்தில் அப்பதவியிலிருந்தவர் சிமியோன். அவருடைய ஒப்புதல் கிட்டினால் வெனிஸ் முதல் மணிலா வரை எல்லாரும் செவிசாய்ப்பர் எனச் சென்னையினர் நம்பினர். வந்ததோ கண்டனம். அந்நூலின் படிகளைத் தீயிலிடுமாறு தலைமைக் குரு ஆணையிட்டார்.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆர்மேனிய மண்ணில் முதல் அச்சகத்தை 1771இல் எச்மியாட்ஸினில் நிறுவியவரும் இதே சிமியோன்தான். அதற்கான பொருளை அளித்தவரும் ஒரு சென்னை ஆர்மேனிய வணிகரே! சென்னைப் பணத்தில் அங்கே அச்சகம். சென்னையில் அச்சான நூலுக்கோ அங்கிருந்து தீ.

இதைப் படித்தபொழுது நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். இல்லத்தார் ஏதென்று கேட்டனர். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கிராமத்துக் கோயில் திருப்பணிக்கு இக்காலனியில் வாழும் அவ்வூர்க் குடும்பங்கள் ஆறும் சேர்ந்து ஒரு தொகை அனுப்பினோம். கூடவே ஒரு விண்ணப்பமும் வைத்தோம். குடமுழுக்கைப் பள்ளி விடுமுறையில் வைத்தால் பிள்ளைகளை அழைத்து வர இயலும் என்பதே அது. பணத்துக்கு இரசீது தவறாமல் வந்தது. விண்ணப்பத்துக்கு விடையில்லை. குடமுழுக்கு தேர்வு மாதத்தில் நடந்தேறியது. கல்லில் ஊரார் பெயர்கள் வரிசையாய் இருக்க, அடியில் வெளியூர் அன்பர்கள் என்று ஒரே வரி. அந்த ஒரே வரியில் ஆறு குடும்பம். ஊரிற் கால் வைத்தவுடன் கேட்கப்படும் முதற் கேள்வி எப்போது வந்தீர்கள் என்பது. இரண்டாவது கேள்வி எப்போது திரும்புகிறீர்கள் என்பது. நாம் அகதிகளல்லோம்; எவரும் நம்மை ஆற்றில் இறக்கி ஓட்டவில்லை; பிழைப்புக்காக நாமே வண்டியேறி வந்தவர்கள். ஆர்மேனியர் பட்ட துன்பத்தோடு நம்முடையதை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அந்த இரண்டாவது கேள்வியின் சுவை நமக்கும் சிறிது தெரியும்.

இவ்வாறு சிரித்த பிறகு, சிமியோனின் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தோம். அவர் வாழ்ந்தது எரிவான் கானின் ஆட்சியில். அரசனுக்கு எதிராக எழுங்கள் என்னும் ஒரு நூல் மடத்தில் அகப்பட்டால் வாள் பாய்வது சென்னைக் கடற்கரையிலன்று, எச்மியாட்ஸின் வாசலில். அவர் தம் குடிகளை உயிரோடு காக்க முனைந்தார். சென்னை வணிகருக்குக் கம்பெனிக் கோட்டையின் நிழல் இருந்தது. தொலைவிலிருப்போருக்கு வீரம் எளிது. அருகிலிருப்போருக்கு அச்சம் நியாயம். எனினும் சென்னையினர் கூறியதில் உண்மையில்லையென்று நாம் கூறமாட்டோம். அச்சத்தால் எத்தனை தலைமுறை காத்திருப்பது? இருவருள் ஒருவரைக் குற்றவாளியென்று தீர்க்க நம்மால் ஆகவில்லை. கிராமத்துத் தர்மகர்த்தாவைப் பற்றி மட்டும் நம் கருத்து மாறவில்லை.

ஷாஹமீர் சோர்ந்துவிடவில்லை. மன்னர் எரேக்லேயோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார், பரிசுகள் அனுப்பினார், மன்னரும் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தினார். பட்டம் கிடைத்தது, படை புறப்படவில்லை. இதனினும் வியப்பான செயல் ஒன்றைத் தந்தையும் மகனும் செய்தனர். இன்னும் பிறவாத ஒரு நாட்டுக்குச் சென்னையிலிருந்தே ஓர் அரசியற் சட்டம் வகுத்தனர். புகழின் கண்ணி என்று பொருள்படும் பெயருடைய அந்நூலில் 521 விதிகள். முகப்பில் ஹாகோபின் பெயரும் 1773ஆம் ஆண்டும் காணப்படினும், எழுதியவர் தந்தையே எனவும், அச்சேறியது சில ஆண்டுகள் கழித்தே எனவும் ஆராய்ந்தோர் கூறுவர். பரம்பரை மன்னன் அதில் இல்லை. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு ஆர்மேனியர் இல்லம் என்று பெயர். ஆள்வோனும் ஆளப்படுவோனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. ஆண் பெண் இரு பாலாருக்கும் கல்வி கட்டாயம். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னரே இத்தகைய எண்ணங்கள் சென்னையில் ஒரு துணி வணிகர் வீட்டில் மையிட்டு எழுதப்பட்டன என்றால், அந்தத் தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர் அமைந்தது பொருத்தமேயாகும்.

நூல்கள் எழுதியாயிற்று. ஆனால் சிதறியவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள மாதந்தோறும் ஒரு குரல் வேண்டாமா? அதனை அளித்தவர் ஹாருத்யூன் ஷ்மவோனியான் என்னும் குரு. ஷிராஸ் நகரத்தவரான இவர் சென்னைக் கோயிலிற் பணியாற்றினார். தம் மக்கள் இருவரை இழந்த துயரத்திலிருந்தவர், தாமே எழுத்துக்களைச் செதுக்கி அச்சகம் அமைத்தார். 1794ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அஸ்தரார் என்னும் மாத இதழின் முதலிதழை வெளியிட்டார். உலகில் எங்கும் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகை இதுவே. தாயகத்திலன்று, கான்ஸ்டாண்டிநோப்பிளிலன்று, நம் சென்னையில்! கப்பல் வரவு, சந்தை நிலவரம், ஐரோப்பியச் செய்தி, தாயகத்துச் செய்தி, வாசகர் கடிதம் எல்லாம் அதில் இடம்பெற்றன. பதினெட்டு இதழ்களோடு 1796இல் நின்றுவிட்டது. சந்தா போதவில்லை. இம்மலருக்கு விளம்பரம் திரட்ட வீதி வீதியாய் அலைந்த நம் செயலாளர் அவர்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

ஷாஹமீர் 1797இல் மறைந்தார். அதன் பிந்தைய வரலாறு நீண்டது, சுருங்கச் சொல்வோம். 1828இல் கிழக்கு ஆர்மேனியா இரஷ்யப் பேரரசின் கீழ் வந்தது. மேற்குப் பகுதி துருக்கியரிடமே இருந்தது. 1915ஆம் ஆண்டு தொடங்கி அங்கு நிகழ்ந்த படுகொலையில் மாண்டோர் பத்து இலட்சம் வரையெனவும் அதற்கு மேலெனவும் வரலாற்றாசிரியர் பலர் கணிப்பர். தப்பியோர் சிரியா, லெபனான், பிரான்சு, அமெரிக்கா என்று மீண்டும் சிதறினர். அராஸ் நதிக்கரையில் 1604இல் நிகழ்ந்தது அப்பெருந்துயரின் முன் சிறிதாயிற்று. 1918 மே 28இல் ஆர்மேனியா தன்னாட்சிக் குடியரசாயிற்று. 1920இல் சோவியத்து ஆட்சியின் கீழ்ப் புகுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாயகம் தன் மக்களை அழைத்தது. 1946 முதல் 1948 வரை ஏறத்தாழ 90,000 பேர் பல நாடுகளினின்றும் வீடு வாசலை விற்றுக் கப்பலேறினர். இரண்டு நூற்றாண்டாக அவர்கள் வேண்டிய ஒப்புதல் இதுவே என்று மகிழ்ந்திருப்பர். போய்ச் சேர்ந்தவர்களுக்கோ உணவுப் பஞ்சமும் உறைவிடப் பஞ்சமும் காத்திருந்தன. உள்ளூரார் அவர்களை அயலவராகவே நோக்கினர். 1949இல் அவர்களுட் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தவும் பட்டனர். அழைத்த தாயகமே ஐயுற்றது! பிற்காலத்தில் வாய்ப்புக் கிட்டியபொழுது மீண்டும் வெளியேறியோர் பலர். 1991இல் நாடு விடுதலை பெற்றது. 2007இல் அயல்நாட்டு ஆர்மேனியர் தம் குடியுரிமையோடு ஆர்மேனியக் குடியுரிமையும் பெறச் சட்டம் இடங்கொடுத்தது. அந்நாட்டிற் பத்திரிகையாளர் நாள் எது தெரியுமா? அக்டோபர் 16. சென்னையில் அஸ்தரார் பிறந்த நாள். சந்தா இன்றி நின்ற பத்திரிகையின் பிறந்த நாளை ஒரு நாடே கொண்டாடுகிறது.

சென்ற தைத் திங்களில் கல்கத்தா சென்றபொழுது, ஹௌரா நிலையத்திலிருந்து பாலம் கடந்து நம் மகளையும் அழைத்துக்கொண்டு ஆர்மேனியர் கோயிலுக்குச் சென்றோம். 1724இல் கட்டப்பட்டது. பெரிய கடைத் தெருவின் இரைச்சலுக்கு நடுவே மதில் சூழ்ந்த அமைதி. எமீன் அங்கேதான் துயில்கிறார். சென்னைக் கோயிலைப் பராமரிப்பதும் கல்கத்தா ஆர்மேனியரே. அங்கே வழிபடுதற்கு இன்று அவ்வினத்தார் எவருமில்லையெனலாம். பின்னர் ஆற்றங்கரையில் ஆர்மேனியன் படித்துறைக்குச் சென்றோம். இரயில்வே அன்பர்கள் அறியவேண்டிய செய்தி இது: 1854இல் கிழக்கிந்திய இரயில்வே தொடங்கிய காலத்தில் ஹௌராவுக்குப் பாலம் இல்லை. கல்கத்தாப் பயணிகள் இந்த ஆர்மேனியன் படித்துறையிலே பயணச்சீட்டு வாங்கி, ஆற்றைப் படகிற் கடந்தே வண்டியேறினர். படகுக் கட்டணமும் சீட்டுக்குள் அடக்கம். நாடற்ற ஒரு மக்களின் பெயர் கொண்ட படித்துறையிலிருந்தே அக்காலக் கல்கத்தாவாசிகள் இரயிற் பயணம் தொடங்கினர்.

மகள் கேட்டாள்: "அப்பா, ஷாஹமீர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? அவர் அந்த நாட்டைப் பார்த்தாரா?"

ஹாகோப் அந்நாட்டைப் பார்க்கவில்லை. வணிக நிமித்தம் கடல் கடந்து சென்றவர் 1774ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவிற் காலமானார். வயது 29. அங்குள்ள பழைய டச்சுக் கோயிலில் ஆர்மேனிய எழுத்துப் பொறித்த கல் ஒன்று உள்ளது. அது ஷாஹமீர் மகன் ஹாகோபுடையதே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். தாமே விலைக்கு வாங்கிய துண்டு நிலத்தில் அடக்கமானதாக அக்கல் கூறுகிறது. அதனைப் படிப்போரிடம் அவர் பிரார்த்தனை எதையும் வேண்டவில்லை, செய்தி கேட்கிறார். என் மக்கள் விடுதலை பெற்றனரா, சிதறிய மந்தையைக் காக்க ஒரு மேய்ப்பன் வந்தானா, சொல்லிச் செல் என்கிறார்.

இதனைக் கேட்ட மகள், மலாக்காவுக்கு யாரேனும் சென்றால் 1991 என்று அந்தக் கல்லின் மீது எழுதிவிட்டு வரலாமே என்றாள். கோயிற் கல்லில் எழுதுவது குற்றம் என்று கூறி, ஹௌராவுக்குப் படகேறினோம்.